கதவுக்கு உள்ளே இருக்கும் காற்று

(அச்சகத் தொழிலாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சுற்றுச்சூழல் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டப்போ, ஆள் மாறி வந்துட்டீங்களான்னுதான் முதல்ல கேட்டேன். சுற்றுச்சூழல் என்றால் காடு, யானை, கடல் ஆமை. அதைப் பேசுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ரோலர் கழுவினவன். பதினேழு வயதில், 1989-ல், திருவல்லிக்கேணி சந்து ஒன்றில் இருந்த பிரஸ்ஸுக்குள் ஹெல்பராக நுழைந்து, மெஷின்மேனாக வெளியே வந்தவன். கூப்பிட்ட தோழர் சொன்னார்: "பிரஸ்ஸுக்குள்ள இருக்கிற காத்தைப் பத்திப் பேசுங்க, அதுவும் சுற்றுச்சூழல்தானே." அவர் சொன்னது நியாயம். ஆனால் சட்டப்படி அது சுற்றுச்சூழல் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நமக்கும் அச்சுக்கும் உள்ள உறவு இன்று நேற்று உண்டானது அல்ல. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பேர் வைத்தே ஒரு பத்திரிகை நடத்தினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' கொண்டுவந்தார். ஊருக்குள் பேச விடாதவர்கள் காகிதத்தில் பேசினோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் நம் கூட்டங்களில் எழுதினவர் பேரைச் சொல்கிறோம், ஆசிரியர் பேரைச் சொல்கிறோம், கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பேரைக்கூடப் போடுகிறோம். அடித்து முடித்த பிறகு மெஷினைத் துடைத்தவன் யார் என்று நாமும் கேட்டதில்லை. இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது.

இந்த அரங்கில் பைண்டிங் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், டிடிபி அடிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அதனால் வாஷ் என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒற்றைக் கலர் ஆப்செட் மெஷினில் கருப்பு அடித்து முடித்துவிட்டு மஞ்சள் அடிக்க வேண்டுமென்றால், மை உருளைகளில் கருப்பின் சாயல்கூட இருக்கக் கூடாது. மெஷினை ஓடவிட்டு, ஓடுகிற ரோலர் மேல் பாட்டிலிலிருந்து வாஷைப் பீய்ச்ச வேண்டும். மை கரைந்து கீழே தட்டில் இறங்கும். கருப்புக்கு அடுத்து மஞ்சள் என்றால் ஒருமுறை போதாது, மூணு நாலு தடவை. பிறகு பிளாங்கெட்டை, அதாவது பிம்பத்தை வாங்கித் தாளுக்குக் கொடுக்கிற அந்த ரப்பர் விரிப்பை, பனியன் வேஸ்ட் துணியை நனைத்துக் கையால் துடைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நான் எண்ணினதில்லை. அந்தத் துணியைப் பேன்ட் பாக்கெட்டிலேயே சொருகிக்கொள்வோம். சாயங்காலம் கையில் இருக்கிற மையையும் அதே வாஷில்தான் கழுவுவோம், அப்புறம் சோப்பு.

வாஷ் என்றால் என்ன திரவம்? நான் போனபோது மண்ணெண்ணெயும் பெட்ரோலும். பிறகு தின்னர். அதற்கும் பிறகு வெள்ளைக் கேனில் ஒன்று வந்தது, அதற்குப் பேர் 'வாஷ்', அவ்வளவுதான். கேன் மேல் எழுத்து ஒன்றும் கிடையாது. விலை மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கும். எழுத்தை அச்சடிக்கிற இடத்துக்கு எழுத்தே இல்லாமல் வந்த சரக்கு அது ஒன்றுதான்.

ஜன்னல் மூடியே இருக்கும். ஏன்னு கேட்டால், "பேப்பருக்குக் காத்து பட்டா நெளியும்" என்பார்கள். அது பொய் இல்லை. ஈரக்காற்றில் தாள் உப்பும், விளிம்பு அலை அலையாக எழும்பும், ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராது. பிற்பாடு ஏசி வந்தது. அதுவும் பேப்பருக்காகத்தான். உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிற ஏசி. தாளின் உடல்நிலை கெடாமல் பார்த்துக்கொள்ள அத்தனை ஏற்பாடு இருந்தது.

முதல் வாரம் தலைவலி. இரண்டாவது வாரம் லேசாக ஒரு மிதப்பு, சொல்லப்போனால் பிடித்துக்கூட இருந்தது. மூணாவது வாரம் வாசனையே தெரியவில்லை. பெரியவர்கள், "பழகிடுச்சுடா" என்றார்கள். பழகியது மூக்கு மட்டும்தான், அது தன் வேலையை நிறுத்திக்கொண்டது. நுரையீரல் நிறுத்தவில்லை. அந்தக் காலத்துக் கம்பாசிட்டர்களுக்கு ஈயம் ஒட்டாமல் இருக்கத் தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிடச் சொல்வார்களாம். அதே வைத்தியத்தை எங்களுக்கும் சொன்னார்கள். பழம் ஈயத்தையும் எடுக்காது, தின்னரையும் எடுக்காது. பசியை எடுக்கும். அதனால் சாப்பிட்டோம்.

இந்த வேலை யாருக்குப் போகும்? யாரும் உத்தரவு போடவில்லை. எந்த முதலாளியும் "நீ இன்ன சாதி, நீ கழுவு" என்று என்னிடம் சொன்னதில்லை. நான் வேலை பார்த்த மூன்று பிரஸ்களில், பில் போடுகிற மேசைக்கு ஒருத்தர் வருவார், டிசைனுக்கு ஒருத்தர் வருவார், மெஷின்மேன் ஒருத்தர். கழுவுகிற இடத்துக்கு வருகிறவன் மட்டும் எங்கள் சேரியிலிருந்தோ பக்கத்துச் சேரியிலிருந்தோ வருவான். எங்க ஊர்ப் பையன் என்று நானே நாலு பேரைக் கூட்டிவந்து விட்டிருக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று ஊரில் எனக்கு நல்ல பேர். அழுக்கைத் துடைக்கிற துணி எந்தக் கைக்குப் போக வேண்டும் என்பது இந்த நாட்டில் சொல்லாமலேயே தெரியும்.

அந்த நாலு பேரில் ஒருத்தன் எனக்குச் சித்தப்பா மகன். எட்டு வருஷம் கழுவினான். ஒருநாள் ராத்திரி வீட்டுக்கு வந்தபோது அவன் காலில் ஒரு செருப்பு இல்லை. எங்கேடா என்றால் குனிந்து பார்க்கிறான். கழன்று விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. பாதம் மரத்துப்போயிருந்தது. கொஞ்ச நாளில் விரல் நுனியும். தாளை எண்ணும்போது ஒன்றா இரண்டா என்று பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார். சர்க்கரை இல்லை. அடுத்த கேள்வி: "குடிப்பியா?" அவன் எப்பவாவது என்றான். "எந்த ஏரியா?" சொன்னான். அவ்வளவுதான். சீட்டில் என்னவோ எழுதிவிட்டு, குடியை நிறுத்து என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவே இல்லை.

இத்தாலியில் ராமஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் "உன் தொழில் என்ன" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்களிடம் சொன்னவர் அவர். 1713-ல் வந்த பதிப்பில் அச்சுத் தொழிலாளர்களைப் பற்றியும் சேர்த்தார். முந்நூறு வருஷம் ஆச்சு. எங்கள் டாக்டருக்கு இன்னும் அந்தப் புத்தகம் வந்து சேரவில்லை.

பல கரைப்பான்களில் ஹெக்சேன் என்று ஒன்று இருக்கும். அது நரம்பை அதன் நுனியிலிருந்து அரிக்கும். முதலில் பாதம், பிறகு கை. தைபே நகரத்தில் புரூப் எடுக்கிற அச்சுத் தொழிலாளர்களுக்கு இதே நோய் கூட்டமாக வந்ததைப் பற்றி 1986-லேயே ஆய்வு வெளியாகியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்கு வந்தது அதுதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்தக் கேனில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? கேட்கவே இல்லை என்பதுதான் என் வழக்கு.

இனி சட்டத்துக்கு வருகிறேன்.

பிற்பாடு நான் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த பெரிய பிரஸ். நான்கு கலர் மெஷின். முதலாளி நாற்காலிக்குப் பின்னால் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு இரண்டு காகிதம் மாட்டியிருந்தார்கள். மாசு கட்டுப்பாடு வாரியம் கொடுத்த இசைவாணைகள். ஒன்று 1974-ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தின் கீழ், இன்னொன்று 1981-ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டத்தின் கீழ். காற்றுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் யாரும் தொழிற்கூடத்தை நிறுவவோ நடத்தவோ கூடாது. முதலில் நிறுவ ஒரு இசைவு, அப்புறம் இயக்க ஒரு இசைவு. நல்ல சட்டம். நான் குறை சொல்ல வரவில்லை. வாரியம் இல்லாத காலத்தை நம் ஜனங்கள் தோல் ஷாப் ஓரத்திலும் சாயப்பட்டறை ஓரத்திலும் பார்த்தவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தைக் கழற்றி முழுசாகப் படித்தேன். 'காற்று' என்று தலைப்புப் போட்ட அட்டவணையில் மாசு எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: டீசல் ஜெனரேட்டர். அதற்கு எதிரே புகைபோக்கியின் உயரம். அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது, தெரியுமா? ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ.வோ அதன் வர்க்கமூலத்தை எடுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். வருகிற மீட்டர் அளவுக்குக் கட்டிடத்தைவிட உயரமாகப் புகைபோக்கி நிற்க வேண்டும். 25 கே.வி.ஏ. என்றால் வர்க்கமூலம் 5, அப்போ ஒரு மீட்டர். மின்வெட்டு நேரத்தில் மட்டும் ஓடுகிற ஜெனரேட்டருக்கு இவ்வளவு கணக்கு. ஷிப்டு முழுக்க உள்ளே ஆவியாகிற வாஷுக்கு அந்தக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. அது குழாய் வழியாகப் போகவில்லை இல்லையா? எங்கள் மூக்கு வழியாகத்தானே போகிறது. மூக்கு புகைபோக்கிக் கணக்கில் வராது.

இதைச் சும்மா வசனமாகச் சொல்லவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் தொழில்களை நிறம் பிரித்தது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை. நூறு மார்க் வைத்தார்கள். தண்ணீர் மாசுக்கு 40, காற்று மாசுக்கு 40, அபாயக் கழிவுக்கு 20. 60-ம் அதற்கு மேலும் வாங்கினால் சிவப்பு, 20-க்குள் என்றால் வெள்ளை. இப்போது அந்த வரையறைகளைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த நூறைக் கூட்டிப் பாருங்கள். நாற்பதும் நாற்பதும் இருபதும். முடிந்தது. உள்ளே நிற்கிறவனுக்கு ஒரு மார்க்கும் மிச்சமில்லை. எங்கள் பாக்கெட்டில் சொருகின துணி இருக்கிறதே, மையும் கரைப்பானும் தோய்ந்த துணி, அது 2016-ஆம் வருஷத்து விதிகளில் அபாயக் கழிவு. அதைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, பதிவேடு வைக்க வேண்டும், உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். தரையில் விழுந்த பிறகு அந்தத் துணிக்கு அபாயம் என்று பேர். கையில் இருக்கிறவரைக்கும் அதற்குப் பேர் வேஸ்ட்.

வாரியத்து அதிகாரி ஒருத்தரிடம் இதைக் கேட்டேன். நல்ல மனுஷர், உட்கார வைத்துப் பேசினார். "நீங்க சொல்றது சரிதான், ஆனா உள்ள இருக்கிற காத்து எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க, அது ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்" என்றார். கதவுக்கு வெளியே ஒரு துறை, கதவுக்கு உள்ளே ஒரு துறை. அந்த ஆவிக்கு இது தெரியாது பாவம்.

சரி, இன்ஸ்பெக்டர் பக்கம் போவோம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். அதற்கு முன்னாடியே, 1942-லிருந்து 46 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த பாபாசாகேப், 48 மணி நேர வாரத்துக்கான திருத்தத்தைக் கொண்டுவந்தார். அந்த அடித்தளத்தின் மேல் வந்த சட்டம். போபால் நடந்த பிறகு, 1987-ல் அதில் ஒரு அட்டவணை சேர்த்தார்கள். வேலையிடத்துக் காற்றில் எந்த ரசாயனம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று. தின்னரில் இருக்கும் டொலுவீனுக்கு, பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்று எழுதினார்கள். அமெரிக்காவில் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு ஒன்று இதே டொலுவீனுக்கு 2007-ல் 20 போதும் என்று பரிந்துரைத்தது. அந்த நாட்டின் சட்டத்திலோ 200 என்று இருக்கிறது, அது வேறு கதை. எண்ணைக் குறைப்பது வல்லுநர், கூட்டிவைப்பது முதலாளி. எல்லா ஊரிலும் அப்படித்தான் போல.

ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் அந்த அட்டவணைக்குப் பக்கத்திலேயே போக முடியாது. ஏனென்றால் மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் 1948 சட்டப்படி அது தொழிற்சாலை. எங்கள் பிரஸ்ஸில் பதினோரு பேர். முன்பக்கத்துக்கு ஒரு பேர்ப்பலகை, பின்பக்கத்துக்கு முதலாளி மச்சான் பேரில் ஒரு பேர்ப்பலகை. முன்னால் ஆறு பேர், பின்னால் ஐந்து பேர். நடுவில் சுவர் கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்தால் இரண்டு கடை, ஆவி வந்தால் ஒரே கடை. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும் சட்டத்தை நீட்ட மாநில அரசுக்கு 85-ஆவது பிரிவில் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். நான் இருந்த எந்தச் சந்துக்கும் அது நீண்டு வரவில்லை.

இப்போது என்ன ஆகியிருக்கிறது? பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்பாகச் சுருட்டி, 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறை என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. தொழிற்சாலைச் சட்டம் அதில் ஒரு தொகுப்புக்குள் போய்விட்டது. அங்கே தொழிற்சாலை என்று சொல்ல மின்சாரம் இருந்தால் 20 பேர் வேண்டும். பத்து இருபதாகிவிட்டது. முன்னால் இரண்டு பேர்ப்பலகை மாட்டினவர்களுக்கு இனி ஒரு பலகைச் செலவு மிச்சம்.

இந்த இடத்தில் ஒசாகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாடு. அங்கே கரைப்பான் விஷத்தைத் தடுப்பதற்கென்றே 1972-லிருந்து தனி விதிகள் உண்டு. ஒசாகாவில் புரூப் அடிக்கிற ஒரு கம்பெனி. புரூப் என்றால் பத்து இருபது தாள் அடிப்பது, கலர் மாற்றுவது, மறுபடி அடிப்பது. அதனால் ஒருத்தர் ஒரு நாளில் பிளாங்கெட்டை நூற்றுக்கணக்கான தடவை துடைக்க வேண்டும். அடித்தளத்து அறை. வெளியே போக வேண்டிய காற்றில் ஒரு பங்கு மறுபடி உள்ளேயே வரும்படியான ஏற்பாடு. நான் சொன்ன ஏசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. சாதாரணமாக வயதானவர்களுக்கு வருவது. இங்கே இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தவர்களுக்கு வந்தது. ஷின்ஜி குமகாய் என்ற ஆய்வாளர் 2012-ல் வெளியே சொன்னார், 2013-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த ஒரே கம்பெனியில் மொத்தம் 17 பேர். பலர் செத்துப்போனார்கள். தொழில்நோய் என்று அரசு 2013-ல் ஏற்றுக்கொண்டு இழப்பீடு கொடுத்தது.

அவர்கள் துடைத்தது எதனால்? ஆரம்பத்தில் டைகுளோரோமீத்தேனும் 1,2-டைகுளோரோபுரோப்பேனும் கலந்து. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து 2006 வரை 1,2-டைகுளோரோபுரோப்பேன் மட்டும். இதைக் கொஞ்சம் கவனிக்கணும் தோழர்களே. முதலாவது, கரைப்பான் விதிகளின் பட்டியலில் இருந்தது. அதை வைத்திருந்தால் காற்றை அளக்க வேண்டும், உறிஞ்சு விசிறி வைக்க வேண்டும், உடல் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டாவது, பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காகத் துடைத்தார்கள். 2013-ல்தான் அதைத் தனிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2014-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் வரிசையில் அதைச் சேர்த்தது. பட்டியலுக்குள் வருவதற்கு அது 17 பேரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது.

ஆவணத்தில் அந்த அச்சகம் தப்புச் செய்யாமல் இருந்தது என்று நான் சொல்லவில்லை, அங்கேயும் குறைகள் கண்டுபிடித்தார்கள். நான் சொல்வது, அந்தக் கேன் மட்டும் சட்டத்துக்குச் சுத்தமாக இருந்தது. நம் கேனுக்கு அந்தச் சுத்தமும் இல்லை, ஏனென்றால் பேரே இல்லை.

இங்கே ஒரு தோழர் கையைத் தூக்கினார், பார்த்தேன். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவர் பேங்க் லோன் போட்டு ஒரு மினி ஆப்செட் வைத்திருக்கிறார். நம் துண்டறிக்கை பாதிக்கு மேல் கடனுக்கு அடித்துக் கொடுத்தவர். அவர் என்னிடம் முன்னாடியே சொல்லிவிட்டார்: "அண்ணே, நீங்க பேசிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு ஆபீசர் வந்து சீல் வச்சா, பெரிய பிரஸ்காரன் வக்கீல் வச்சிக்குவான். நான் எங்க போறது?" நியாயமான பயம். சட்டம் சந்துக்குள் வரும்போது முதலில் யார் கதவைத் தட்டும் என்று நமக்குத் தெரியும். சீல் வைத்தால் வேலை போவது கழுவுகிற பையனுக்கும்தான். அதனால் வாரியத்துக்கு மொட்டைக் கடிதாசி போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இசைவாணையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தில் இன்னும் ஒரு வரி வேண்டும் என்கிறேன். இங்கே எந்தத் திரவம், மாதத்துக்கு எத்தனை லிட்டர், எந்த வழியாக வெளியே போகிறது, அதன் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள். அவ்வளவுதான் அந்த வரி.

முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் காற்றுக்கு ஒரு மாவட்ட நிர்வாகம் இருக்கிறது. அவர்கள் புகைபோக்கியை மட்டும் பார்ப்பதில்லை, கேனைப் பார்க்கிறார்கள். ஆப்செட் ரோலர் கழுவுகிற திரவத்தில் ஆவியாகிற கரிமப்பொருள் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. துணியை மூடி போட்ட டப்பாவில்தான் வைக்க வேண்டும். எவ்வளவு பயன்படுத்தினாய் என்று எழுதி வைக்க வேண்டும். அதுவும் தொழிலாளிக்காக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் இந்த ஆவி வேறு புகையோடு சேர்ந்து ஓசோனாகி ஊரையே மூடுகிறது, அதனால். அசிட்டோன் ஓசோனுக்கு அதிகம் உதவாது என்பதால் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூக்குக்கு விலக்கு இல்லை. ஆனாலும் பாருங்கள், கேனுக்குள் என்ன என்று கேட்க ஒரு அரசாங்கத்தால் முடிகிறது. சின்னக் கடைக்காரனும் அதைச் சொல்ல முடிகிறது.

டென்மார்க்கில் எண்பதுகளின் இறுதியிலிருந்தே தாவர எண்ணெயிலிருந்து செய்த திரவத்தால் ரோலர் கழுவிப் பார்த்தார்கள், பிறகு ஐரோப்பாவில் வேறு நாடுகளுக்கும் போனது. மெதுவாகத்தான் கழுவும், பிறகு தண்ணீர்த் துணியால் ஒருதரம் துடைக்க வேண்டும். ஒரு வாஷுக்குக் கூடுதலாகச் சில நிமிஷம். அந்த நிமிஷங்களுக்கு யார் கூலி கொடுப்பது என்பதில்தான் நம் முதலாளிகளுக்கு மூச்சு முட்டும்.

காசில்லாமல் நாளைக்கே செய்யக் கூடியது ஒன்றிரண்டு இருக்கிறது. இந்த ஆவி காற்றைவிடக் கனம். அது கீழே இறங்கித் தேங்கும். நம் ஆட்கள் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரை ஓரத்தில் மாட்டிவிட்டுக் காற்று போகிறது என்று நம்புகிறோம். வாஷ் தட்டு இருக்கிற உயரத்துக்கு, முடிந்தால் அதற்கும் கீழே, ஒரு ஃபேன் வைத்து வெளியே தள்ளணும். குனிந்து துடைக்கிறவன் முகம் அங்கேதான் இருக்கிறது. பாட்டிலுக்கு மூடி போடணும். நனைந்த துணியைப் பாக்கெட்டில் வைக்காதே. மூடியுள்ள தகர டப்பாவில் போடு. கையை வாஷில் கழுவாதே, தேங்காய் எண்ணெய் தேய்த்து மையை எடு, அப்புறம் சோப்பு. இதெல்லாம் எனக்கு யாராவது 1989-ல் சொல்லியிருந்தால், நான் நாலு பேரைக் கூட்டிவந்தபோது அவர்களிடம் சொல்லியிருப்பேன்.

சப்ளையரிடம் கேட்பதற்கும் சட்டம் இருக்கிறது. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் வருஷத்து விதிகளில் பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று உண்டு. உள்ளே என்ன இருக்கிறது, உடம்பில் பட்டால் என்ன ஆகும், முதலுதவி என்ன. "அண்ணாச்சி, அந்தத் தாளைக் கொடுங்க" என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குப்பா" என்பார். நான் கேட்டபோது அப்படித்தான் சொன்னார். மறுபடி கேளுங்கள். நாலு பிரஸ்ஸிலிருந்து கேட்டால் அவர் பதில் வேறு மாதிரி வரும். பென்சீனும் அதன் குடும்பத்து ரசாயனங்களும் உண்டாக்குகிற நோய்களைத் தொழில்நோய் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருந்தார்கள். டொலுவீனும் அந்தக் குடும்பம்தான். நோய் வந்த பிறகு அதைக் காட்டி வழக்குப் போட வேண்டுமென்றால் கேனில் என்ன இருந்தது என்ற காகிதம் வேண்டும். என் சித்தப்பா மகனுக்கு அந்தக் காகிதம் கிடைக்கவில்லை. அவன் இப்போது ஊரில் இருக்கிறான், மாடு பார்த்துக்கொள்கிறான். செருப்புக்குப் பின்னால் வார் வைத்துத் தைத்துப் போட்டிருக்கிறான், கழன்றுவிடாமல்.

நான் முடித்துக்கொள்கிறேன். வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம், பக்கத்தில் பேனா கட்டியிருக்கு. போகும்போது அதில் எழுதிவிட்டுப் போங்கள். பிரஸ் பேர் வேண்டாம், உங்கள் பேரும் வேண்டாம். உள்ளே எத்தனை பேர், எத்தனை ஜன்னல், அதில் திறக்கிறது எத்தனை, ஃபேன் எந்த உயரத்தில், ஒரு வாரத்துக்கு எத்தனை லிட்டர் வாஷ், கேனில் என்ன எழுதியிருக்கிறது. ஒன்றும் எழுதியில்லை என்றால், 'ஒன்றும் எழுதியில்லை' என்று எழுதுங்கள்.